யானைக் கன்றின் சீக்கம் ஸ்லைடு: நோயா, அழுகலா?

வணக்கம் நண்பரே. இறந்து ஒரு நாள் கழித்து அறுத்துப் பார்த்த ஆசிய யானைக் கன்றின் சீக்கத்தில் (பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பை) குடலுறிஞ்சிகளே (உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முளைகள்) இல்லை, மேற்படலமும் உரிந்து கிடக்கிறது, இது குடல் அழற்சியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குடலுறிஞ்சிகளைப் பற்றிய கவலை வேண்டாம். அவை சிறுகுடலோடு முடிந்துவிடும். சீக்கத்தில் நேராக உள்ளிறங்கும் குழாய்ச் சுரப்பிகளும் அவற்றில் சளி சுரக்கும் கோப்பைச் செல்களும்தான் இருக்கும்.

உரிந்த படலம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். யானை நார்த்தீனியைப் பின்குடலில் நொதிக்க வைக்கும் விலங்கு. உயிர் போன பிறகும் உள்ளே நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை. அவ்வளவு பெரிய உடம்பு சூட்டையும் லேசில் விடாது. அதனால் மேற்பரப்பு முதலில் கரையும், சுரப்பிகளின் அடிப்பகுதி கடைசிவரை நிற்கும். நுண்ணோக்கியின் 40x பொருளருகு லென்ஸில் அந்த அடிப்பகுதியைப் பாருங்கள். சுற்றிலும் அழற்சியின் அடையாளங்களான நியூட்ரோஃபில்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்), ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை), ரத்தக்கசிவு எதுவும் இல்லாமல் உட்கருக்கள் மங்கி மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் இறப்புக்குப் பிந்தைய சிதைவுதான்.

ஆனால் இது கன்று என்பதால் ஒன்றை விடவே கூடாது: இளம் யானைகளைக் கொல்லக்கூடிய யானை ஹெர்பெஸ் வைரஸ். சளிப்படலத்தை விட்டுவிட்டு, அதன் கீழ்ப்படலத்தில் உள்ள நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களைத் தேடுங்கள். உட்கருவுக்குள் உள்ளடக்கப் பொருள் (வைரஸ் உண்டாக்கும் திரள்) தெரிகிறதா? சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா? இதயம், நாக்கு ஸ்லைடுகளும் இருந்தால் அவற்றையும் பாருங்கள். தெரியாவிட்டாலும் பிசிஆர் (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) செய்துவிடுங்கள்.

அடுத்த முறை குடலைத் திறந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டுகளாக, திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) உடனே போடுங்கள்.