எந்த நிமிடத்தில் கல்யாணம் ஆகிறது? கேள்வி பதில்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. குழித்துறைப் பக்கம் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்கிறேன். கிறிஸ்தவத் திருமணம் பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பேச்சு பெரும்பாலும் கத்தோலிக்க முறையை ஒட்டி இருக்கும்.

கருங்கல், ஒரு தம்பி: டீச்சர், மோதிரம் மாற்றும்போதா, தாலி கட்டும்போதா, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போதா, எப்போது நாங்கள் கணவன் மனைவி ஆகிறோம்?

மூன்றும் இல்லை தம்பி. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாய் இருப்பேன் என்று கைபிடித்து ஒருவருக்கொருவர் சொல்கிறீர்களே, அதுதான் கல்யாணம். இலத்தீன் திருச்சபையின், அதாவது ரோமை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கரின், போதனைப்படி இந்தத் திருவருட்சாதனத்தை (இறையருளைத் தரும் புனிதச் சடங்கை) நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே. சாமியார் உங்கள் சம்மதத்தைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார். மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டத்திலும் தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டத்திலும் கத்தோலிக்கத்திலேயே கீழை (கிழக்கத்திய) முறை. அங்கே குருவின் ஆசீர் இல்லாமல் திருமணம் செல்லாது.

ஒரு காலத்தில் சாட்சியே இல்லாமல் இரகசியமாக வாக்குக் கொடுத்தாலும் செல்லும் என்றிருந்தது. பிறகு சிலர், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று கைவிரித்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் பங்குக்குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்று விதித்தது. தாலி நம் மண்ணின் வழக்கம்; சிலுவை பதித்து நமதாக்கிக்கொண்டோம். அழகான வழக்கம், இருக்கட்டும். ஆனால் வீடியோக்காரருக்கு வசதியாக வார்த்தைப்பாட்டை அவசரமாக முணுமுணுத்துவிட்டுத் தாலிக்கு மட்டும் நிதானமாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

குளச்சல், ஒரு தங்கை: எனக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை. அம்மா அழுது, அப்பா மிரட்டி, சரி என்றேன். கோவிலில் எங்கள் கல்யாண அறிவிப்பான ஓலையை இரண்டு முறை வாசித்தாகிவிட்டது.

மூன்றாவது ஓலை வாசிக்கும் முன்பே பங்குத்தந்தையைப் போய்ப் பார் மக்களே. கோவிலில் ஓலை வாசிப்பதே தடை ஏதும் இருந்தால் தெரியட்டும் என்றுதான். திருமணத்துக்கு முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் குருவானவர் தனித்தனியாக விசாரிப்பதும் இதற்காகத்தான். அங்கே தலையாட்டிவிட்டு வராதே, உள்ளதைச் சொல். மிரட்டலுக்கும் பயத்துக்கும் அடங்கிக் கொடுத்த சம்மதம் திருமணத்தையே செல்லாததாக்கும் என்பது திருச்சபைச் சட்டம். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.

தக்கலை: நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), அவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் திருமணம் திருவருட்சாதனமாக ஆகுமா?

ஆகும். இருவரும் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றவர்கள். மறைமாவட்டத் தலைவரான ஆயரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். சி.எஸ்.ஐ.யில் திருமுழுக்கும் திருவிருந்தும் மட்டுமே திருவருட்சாதனங்கள். ஆனாலும் திருமணம் கடவுள் ஏற்படுத்தியது, வாழ்நாள் முழுவதற்குமானது என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை. இதையே இந்து நண்பரைப் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார்: அதற்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும். திருமணம் செல்லும், திருவருட்சாதனம் ஆகாது. அவர் மதம் மாறியே தீர வேண்டும் என்ற சட்டம் கிடையாது.

மார்த்தாண்டம், ஒரு அக்கா: "மனைவிகளே, கணவருக்குப் பணிந்திருங்கள்" என்று பவுல் எழுதியதை என் மாமியார் தினமும் சொல்லிக்காட்டுகிறார்.

அது பைபிளில் எபேசியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 5-ஆம் அதிகாரம். உங்கள் மாமியார் 22-ஆம் வசனத்தில் தொடங்குகிறார். நீங்கள் 21-இல் தொடங்குங்கள். ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்பதுதான் அங்கே முதல் வார்த்தை. பிறகு வருவதில் ஆண்களுக்குச் சொன்னதுதான் அதிகம்: கிறிஸ்து திருச்சபைக்காகத் தன்னையே கையளித்ததுபோல் மனைவியை நேசிக்க வேண்டும். உயிரைக் கொடு என்று கேட்கிறார் பவுல். காபி போட்டுக் கொடுக்கக்கூட எழுந்திருக்காத நம் ஆண்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. 1 கொரிந்தியர் 7:4-ஐயும் படியுங்கள். மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ள உரிமை, கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உண்டு என்கிறார். அந்தக் காலத்தில் இப்படி எழுதினது சின்ன விஷயமில்லை.

நாகர்கோவில்: சீதனம் கேட்காமல் கொடுத்தால் பாவமா?

"கேட்காமல்" என்பதில்தான் நம் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விரும்பிப் போடுங்கள். இத்தனை பவுன், இன்ன கார் என்று பேசி முடித்துவிட்டு அன்பளிப்பு என்று பெயர் வைத்தால் அது சீதனம்தான். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டம். படித்து என்ன? முழுமனச் சம்மதம் என்று பீடத்தின்முன் சொல்கிறவன், பாக்கித் தொகை வந்ததா என்று முந்தின இரவு கேட்டிருந்தால் அந்தச் சம்மதத்தை என்னவென்று சொல்வது?

இரணியல்: மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் (திருச்சபையின் நீதிமன்றத்தில்) என் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. உடனே மறுமணம் செய்யலாமா?

பொறுங்கள். திருச்சபை மணமுறிவு தருவதில்லை. தொடக்கத்திலேயே உண்மையான திருமணம் உண்டாகவில்லை என்றுதான் சொல்கிறது. நாட்டின் சட்டத்துக்கு அந்தத் தீர்ப்பு போதாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலும் 2017-இலும் சொல்லிவிட்டது. நீதிமன்றத்திலும் தீர்ப்பு வாங்கிய பிறகே மறுமணம். இல்லையென்றால் இருதார வழக்கில் மாட்டுவீர்கள். ஒரு வக்கீலைப் பாருங்கள்.

திங்கள்சந்தை: எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆசீர்வாதம் இல்லாத கல்யாணம் என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள்.

பேசுகிறவர்களுக்கு மறைக்கல்வி போதாது. மலட்டுத்தன்மை திருமணத்துக்குத் தடையுமில்லை, அதைச் செல்லாததாக்குவதுமில்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பிள்ளை பெறுவதற்காக மட்டும் ஏற்படுத்தப்பட்டதல்ல திருமணம், பிள்ளை இல்லாவிட்டாலும் அதன் மதிப்பு குறையாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக எழுதிவைத்தது. அடுத்த முறை யாராவது வாயெடுத்தால் இதைச் சொல்லுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகாதீர்கள்.

களியக்காவிளை: குடும்பஸ்தர்கள் புனிதராக முடியுமா, இல்லை துறவிகளுக்கு மட்டுமா?

கோட்டாறு சவேரியார் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தேவசகாயம் திருமணமானவர். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனவர்.

குலசேகரம்: ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலமான தவக்காலத்தில் கல்யாணம் வைக்கலாமா?

தடை கிடையாது, ஆனால் பெரும்பாலான பங்குகளில் வைப்பதில்லை. அவசரம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ஆடம்பரம் இல்லாமல் நடத்த ஒத்துக்கொள்வார்.