ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் வைத்த பெட்டி காணாமல் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: என் மகள் பொறியியல் கல்லூரியின் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு எல்லோரும் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு சூட்கேஸ் மூன்றையும் விடுதி ஸ்டோர் ரூமில் கொடுத்துவிட்டு வந்தாள். வார்டன் நோட்டில் எழுதிக்கொண்டு, எண் போட்ட சீட்டு கொடுத்து, அறையைப் பூட்டினார். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒரு பெட்டியில் தண்ணீர் இறங்கிப் புத்தகங்கள் ஊறிக் கிடக்கின்றன. பழைய லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்த இன்னொரு பெட்டியைக் காணோம். கேட்டால், ‘பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று கதவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக் காட்டுகிறார்கள். மெஸ் பாக்கியைக் கட்டினால்தான் சூட்கேஸையே தருவார்களாம். அறையின் புகைப்படம் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: இது போன்ற வழக்கில் நான் முதலில் கேட்பது, சாவி யார் கையில் இருந்தது என்பதைத்தான். உங்கள் மகள் தன் அறையிலேயே பொருளை வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோயிருந்தால், ‘நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம், பொருளை வாங்கி வைக்கவில்லை’ என்று விடுதி வாதாட இடம் உண்டு. இங்கே அப்படியில்லை. வார்டன் பெட்டியை வாங்கி, நோட்டில் பதிந்து, சீட்டு கொடுத்து, தானே பூட்டியிருக்கிறார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை 148ஆம் பிரிவில் ‘பெயில்மெண்ட்’ என்கிறது. திரும்பத் தர வேண்டும் என்ற பேச்சோடு ஒரு பொருளை ஒப்படைப்பது என்று புரிந்துகொள்ளுங்கள். வாடகை வாங்கினார்களா, சும்மா வைத்துக்கொண்டார்களா என்பதைப் பொறுத்து இது மாறாது. சினேகிதி வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தாலும் இதே சட்டம்தான்.

அப்படி வாங்கி வைத்தவர் எந்த அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்? 151ஆம் பிரிவு அதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்துவிட்டு உங்கள் புகைப்படத்தை இன்னொரு முறை பாருங்கள். சுவரோரமாக ஒரு இரும்பு ராக் இருக்கிறது. அதில் விடுதி அலுவலகத்தின் ஃபைல் கட்டுகள், தரையிலிருந்து ஒரு முழம் மேலே, பாலித்தீன் போட்டு மூடி அடுக்கியிருக்கின்றன. மாணவிகளின் பெட்டிகள் மட்டும் வெறும் தரையில், தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலையில் கிடக்கின்றன. அங்கே ஈரம் இறங்கும் என்று தெரியாமலா அவர்கள் தங்கள் காகிதத்தை மேலே ஏற்றி வைத்தார்கள்? இந்த ஒரு படத்தை நான் பெரிதாக நம்புகிறேன். அழிக்காதீர்கள். எடுத்த போனையும் மாற்றிவிடாதீர்கள். டிஜிட்டல் படத்தை நீதிமன்றத்தில் காட்ட, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உரிய கவனத்தோடுதான் வைத்திருந்தோம், அதையும் மீறி நடந்துவிட்டது என்று அவர்கள் காட்டிவிட்டால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 152ஆம் பிரிவு அவர்களைக் காப்பாற்றும். ஆனால் அதைக் காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. காணாமல் போன பெட்டிக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். பெட்டியைக் கொடுத்தோம் என்பதை நீங்கள் சீட்டைக் காட்டி நிரூபித்துவிடலாம். பூட்டிய அறைக்குள் அப்புறம் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில், 1998இல், விருந்தினர் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருட்டுப் போனது. ‘உங்கள் சொந்தப் பொறுப்பில்’ என்று பார்க்கிங் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். 2019 நவம்பரில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஹோட்டல் அப்படி ஒரு வரியால் கழற்றிவிட முடியாது என்றது. அது ஹோட்டல் வழக்குதான், விடுதி வழக்கு அல்ல. ஆனாலும் அதன் நியாயத்தை இங்கேயும் வாதமாக வைக்கலாம். பெட்டியைக் கொடுத்தபோது அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்ததா, யாராவது அதைச் சுட்டிக்காட்டினார்களா என்றும் மகளிடம் விசாரியுங்கள். பிறகு ஒட்டியதென்றால் அதற்கு மதிப்பே இல்லை.

சூட்கேஸைப் பிடித்து வைத்திருப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. பழைய பாக்கிக்காக, கையில் இருக்கும் எந்தப் பொருளையும் பிடித்து வைக்கும் உரிமை 171ஆம் பிரிவின்படி வங்கிகள், வணிக முகவர்கள், துறைமேடைக்காரர்கள், உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள், காப்பீட்டுத் தரகர்கள் ஆகியோருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு அந்த உரிமை வேண்டுமென்றால் வெளிப்படையான ஒப்பந்தம் இருக்க வேண்டும். விடுதி அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கையின்போது கையெழுத்திட்ட விதிமுறைத் தாளை எடுத்து, அப்படி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சூட்கேஸை உடனே தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி உண்மையாக இருந்தால் அதைக் கட்டத்தான் வேண்டும், ஆனால் அது தனிக் கணக்கு.

எவ்வளவு கேட்கலாம்? பழைய லேப்டாப்புக்குப் புது லேப்டாப் விலை கிடைக்காது, இன்றைய மதிப்புதான் கிடைக்கும். வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். பெட்டிக்குள் லேப்டாப் இருப்பதை வார்டனிடம் சொன்னாளா என்று கட்டாயம் கேட்பார்கள். சொல்லியிருக்காவிட்டால், ‘துணிமணி என்று நினைத்தோம்’ என்று மதிப்பைக் குறைக்கப் பார்ப்பார்கள். பெட்டி கட்டும்போது எடுத்த படமோ, தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் உதவும். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த புராஜெக்ட் போனதால் மதிப்பெண் குறைந்தது, வேலை போனது என்றெல்லாம் நஷ்டஈடு கேட்காதீர்கள். அத்தனை தூரத்து இழப்பை 73ஆம் பிரிவு ஏற்காது.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல்வருக்கும் வார்டனுக்கும் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். ஸ்டோர் ரூம் நோட்டின் அந்தப் பக்கத்தையும் படமெடுக்க அனுமதி கேளுங்கள். காவல் நிலையத்தில் பெட்டி காணவில்லை என்று மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஆதாரமில்லாமல் வார்டனைத் திருடி என்று எழுதிவிட வேண்டாம்.

பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். சீட்டு மகள் பெயரில் இருப்பதால், அவளுக்கு 18 வயது முடிந்திருந்தால் நோட்டீஸும் அவள் பெயரிலேயே போகட்டும். செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அவளையே அழைத்துக்கொண்டு போங்கள். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் அங்கே வழி இருக்கிறது, கல்லூரிகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பதுண்டு. தனியார் விடுதியோ, பொருள் வைக்க வாடகை வாங்கும் நிறுவனமோ என்றால் தாராளமாகப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கல்லூரியே நடத்தும் விடுதி என்பதால் உங்களுக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்ற வாதத்திலேயே காலம் போய்விடும். உரிமையியல் நீதிமன்றம்தான் சரி. ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்கும் வழக்குக்கு, நீங்கள் கேட்டு அவர்கள் மறுத்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

இன்னொன்று. சூட்கேஸைத் தரும்போது நோட்டில் ‘பொருள்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ‘சூட்கேஸும் நனைந்த நிலையில் ஒரு பெட்டியும் பெற்றேன். இன்னொரு பெட்டி தரப்படவில்லை’ என்று தன் கையால் எழுதி, தேதி போட்டு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு வரட்டும். சீட்டைத் திரும்பக் கேட்டால் நகலைக் கொடுக்கட்டும், அசலைக் கொடுக்கவே கூடாது.