மோர்கன் டாலருக்கு விபூதி வேண்டாம்

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது 1921ஆம் ஆண்டு மோர்கன் வெள்ளி டாலர் ஐந்து வாங்கினேன். கறுத்துக் கிடக்கின்றன. வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல விபூதி போட்டுத் துலக்கி விற்கலாமா? என்ன விலை கேட்பது?

பதில்: துலக்காதீர்கள். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் ஓடி, பரப்பில் மயிரிழைக் கோடுகள் விழுந்திருக்கும். அதிகம் புழங்காத நாணயத்தை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கர ஆரம்போலச் சுற்றி வருவது அவற்றால்தான். விபூதியோ பற்பசையோ அவற்றைச் சிராய்த்துவிடும். அப்புறம் நாணயம் பளபளக்கும், ஒளி மட்டும் சுற்றாது. அனுபவமுள்ள வியாபாரி பார்த்த மாத்திரத்தில் விலையைக் குறைப்பார். கறுப்பு அப்படியே இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையால் பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். கிண்ணம் கண்ணாடியாக இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. நகப்பூச்சு நீக்கி இதற்கு உதவாது, அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும்.

1921இல் மட்டும் எட்டரைக் கோடிக்கு மேல் அடித்தார்கள். ஆகவே தேய்ந்த நாணயத்துக்குப் பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டித்தான் கிடைக்கும். எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. அதாவது 24.06 கிராம், 0.7734 ட்ராய் அவுன்ஸ். அன்றைய அவுன்ஸ் விலையை இதால் பெருக்குங்கள். சமையலறைத் தராசின் அவுன்ஸ் 28.35 கிராம், வெள்ளிச் சந்தையின் ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். பலர் கணக்கில் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: இணையத்தில் 1893-எஸ் (சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 'எஸ்' எழுத்து பொறித்த) மோர்கன் டாலர் 300 டாலருக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அந்த விலையே சந்தேகத்துக்குப் போதும். அடித்தது ஒரு லட்சம்தான், நன்றாகத் தேய்ந்ததுகூட ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். சாதாரண 1893 நாணயத்தில் 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்பது பழைய வித்தை. பின்பக்கம் மலர்வளைய முடிச்சுக்குக் கீழே, 10 மடங்கு லென்ஸில், எழுத்தின் அடியில் இடைவெளியோ பசைத் தடமோ தெரிகிறதா பாருங்கள். அசலில், முன்பக்கம் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி'யின் தலையில் பொடிச் சாய்கோடு ஒன்று இருக்கும்.

முழுப் போலியைப் பிடிக்கத் தண்ணீர் போதும். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்குங்கள். தராசு 2.6 கிராம் அளவில் காட்ட வேண்டும். அதே எடையுள்ள, வெள்ளி முலாம் பூசிய செம்பு 3ஐ ஒட்டிப் போகும். ஆனால் எழுத்தை மட்டும் ஒட்டிய நாணயம் இதில் தேறிவிடும், அதுவும் வெள்ளிதானே. தரச்சான்று நிறுவனம் மூடிக் கொடுத்த பெட்டியில் வந்தால், அதிலுள்ள சான்று எண்ணைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள், அந்த எண்ணையும் திருடிப் போடுகிறார்கள். நிறுவனத்தின் தளத்தில் படம் இருந்தால் அதோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: கென்னடி அரை டாலர்களில் வெள்ளி உண்டா?

பதில்: 1964 என்றால் 90 சதவீதம், 12.5 கிராம். 1965 முதல் 1970 வரை 40 சதவீதம், 11.5 கிராம். 1971 முதல் புழக்கத்துக்கு அடித்தவற்றில் வெள்ளி கிடையாது, விளிம்பில் செம்புக் கோடு பளிச்சென்று தெரியும்.