தொலைபேசியில் கேட்பதை உங்கள் இணையதளம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: மண்டபத்தில் மூன்று தலைமுறையாகக் கருவாட்டு வியாபாரம் செய்கிறோம். சென்ற ஆண்டு என் அண்ணன் மகன் எங்கள் கடைக்கு ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தான். திறந்தவுடன் பாம்பன் பாலமும் கோயில் கோபுரமும் மாறி மாறி வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் வழியாக வந்த ஆர்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தளத்தைப் பார்த்துவிட்டு அழைப்பவர்களும் விலை, உப்பு, கூரியர் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார்கள். 20,000 ரூபாய் கொடுத்தால் புதிதாக வடிவமைத்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. செய்யலாமா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த 20,000 ரூபாய் இப்போதைக்குக் கல்லாவிலேயே இருக்கட்டும். தளத்தைப் பார்த்த பிறகும் ஒருவர் அழைத்து விலை கேட்கிறார் என்றால், அவருக்கு வாங்கும் எண்ணம் இருக்கிறது, ஆனால் அவர் தேடி வந்த செய்தி அங்கே இல்லை என்றுதான் பொருள். அழைத்துக் கேட்கும் பொறுமை சிலருக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். புது வடிவமைப்பு வந்தாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரங்களுக்கு, அழைப்பவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட சொற்களிலேயே எழுதி வாருங்கள். நெத்திலி தலை கிள்ளியதா, மணல் இருக்குமா, உப்பு தூக்கலாக இருக்குமா, வாளையைத் துண்டு போட்டுத் தருவீர்களா, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பத்துப் பதினைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதை நீங்களே காண்பீர்கள். அவற்றுக்கு நீங்கள் வாய்மொழியாகச் சொல்லும் விடைகளே உங்கள் தளத்தின் உள்ளடக்கம். கருவாட்டை மணலில் பரப்பாமல் வலை விரித்த பரண்மேல் காயவைக்கிறீர்கள் என்றால், அந்தப் பரணின் படமும் அதன் கீழே ஒரு வரியும், பாலத்தின் படத்தைவிடப் பத்து மடங்கு வேலை செய்யும். பாலத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு அது வேறு நூறு இடங்களில் கிடைக்கிறது. உங்கள் பரண் உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

அடுத்து, மீன்களின் பெயர்கள். நம் கரையில் சீலா என்பதைச் சென்னைக்காரர் வஞ்சிரம் என்பார். நாம் காரல் என்பதை அவர் காரப்பொடி என்று கேட்பார். கூகுளில் அவர் தட்டுவதும் அந்தப் பெயரைத்தான். எனவே ஒவ்வொரு வகைக்கும் நம் ஊர்ப் பெயரை முதலில் எழுதி, பிற ஊர்ப் பெயர்களையும், ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களுக்காக அந்த எழுத்திலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்றையும் உங்கள் மருமகனிடம் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பெயர்கள் பக்கத்தில் எழுத்தாகவே இருக்கின்றனவா, அல்லது நோட்டீஸ்போல ஒரே படமாக ஏற்றப்பட்டிருக்கின்றனவா? படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிப்பதில்லை. வாடிக்கையாளராலும் அதை எளிதில் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. அச்சகங்களில் இன்றும் புழங்கும் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டியிருந்தாலும் இதே கதிதான். எல்லாம் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையில், இருக்க வேண்டும்.

விலையைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் மறுப்பு எழும் என்று நினைக்கிறேன். தினமும் ஏறி இறங்கும் விலையை எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ‘விலைக்கு அழைக்கவும்’ என்ற வரியைப் பார்த்தால், ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடை என்ற ஐயமே வாங்குபவருக்கு எழுகிறது. கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று எடைவாரியாக விலையைப் போட்டு, மேலே ‘இந்த விலை இன்ன தேதி முதல்’ என்று எழுதுங்கள். வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். அதற்கு ஒவ்வொரு முறையும் மருமகனை எதிர்பார்க்கும் நிலை இருக்கக் கூடாது. உங்கள் கைப்பேசியிலிருந்து நீங்களே மாற்றும் வசதியை அவர் செய்து கொடுக்கட்டும். விலையைத் தேதியோடு பார்க்கிறவருக்குக் கடை இன்றும் நடக்கிறது என்ற செய்தியும் சேர்ந்து போகிறது. இணையத்தில் விற்பவர் பொருளின் மொத்த விலையை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்பதை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளும் வலியுறுத்துகின்றன. கடையின் முழு முகவரி, புகார் சொல்ல ஒருவரின் பெயர், தொலைபேசி எண், பொருளைத் திரும்பப் பெறும் நிபந்தனை ஆகியவற்றையும் தளத்தில் போட்டுவிடுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணைப் பாக்கெட்டில் மட்டும் அச்சிட்டு நிறுத்திக்கொள்ளாமல், பக்கத்தின் அடியிலும் எழுதுங்கள்.

நம் கரைக்கே உரிய ஒரு செய்தியை வெளியூர்க்காரர் அறிய மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டுமே நமக்கு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மீன் கிடைத்தாலும் வெயில் கிடைக்காது. எந்த மாதத்தில் எந்தக் கருவாடு நன்றாக இருக்கும், எப்போது இருப்பு குறையும் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தீர்ந்துபோன வகைக்கு எதிரே ‘இப்போது இருப்பு இல்லை’ என்று போடத் தயங்க வேண்டாம். பணம் கட்டிய பிறகு இல்லை என்று கேட்பவருக்கு வரும் கோபம், முன்பே இல்லை என்று படிப்பவருக்கு வருவதில்லை.

கூரியர் பற்றிய பக்கத்தில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தெந்த ஊர்களுக்கு அனுப்புகிறீர்கள், ஒரு கிலோவுக்குச் செலவு எவ்வளவு, வாசனை வெளியே வராமல் எப்படிக் கட்டுகிறீர்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு மூன்றாவதே முதல் கவலை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்கள் கையோடு எடுத்துப் போகக் கேட்பார்கள். அவர்களுக்கென்று காற்றுப் புகாத பொதி போட்டுத் தருவீர்களானால் அதைச் சொல்லுங்கள். அந்தந்த நாடு எதை உள்ளே விடுகிறது என்பதை மட்டும் பயணியே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வேன்களும் உங்களுக்கு வாடிக்கைதானே? அவர்களுக்குத் தேவை வழியும் நேரமும் மட்டுமே. மதுரை நோக்கித் திரும்பும்போது கடை சாலையின் எந்தப் பக்கம், வேனை நிறுத்த இடம் உண்டா, இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை முகப்பிலேயே எழுதுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம். குறி சரியான வாசலில் நிற்கிறதா என்று நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். ஒருமுறை ஒரு கடையின் தளத்தை நம்பி நான் போய் நின்ற இடம், பூட்டிக் கிடந்த ஒரு பனையோலைக் குடிசை. கடை அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

படங்களின் எடையையும் கவனியுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி இருக்கும்; அப்படிப் பத்துப் படங்களை அப்படியே ஏற்றினால், சிக்னல் தேயும் இடத்தில் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் மூடிவிடுவார். ஒவ்வொன்றையும் 200 கேபி அளவுக்குள் சுருக்கச் சொல்லுங்கள். எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும், வாட்ஸ்அப் குறியைத் தொட்டால் உரையாடல் திறக்க வேண்டும். இவையெல்லாம் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலைகள்.

அவர் வரும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். தளத்தின் முகவரிப் பெயர் (டொமைன்) யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், கடவுச்சொல் என்ன என்பவற்றை அதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பதிவைக் கடை உரிமையாளர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் நாளை வேலைக்காக வெளிநாடு போனாலும், புதுப்பிக்கும் தேதி தவறி உங்கள் கடையின் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாது.