குளிர் மாலைக்கு எந்த சென்ட்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குளிர் நாட்களில் மாலை நேரம் வெளியே போகும்போது போட்டுக்கொள்ள, கொஞ்சம் கிறங்க வைக்கிற மாதிரி ஒரு பெர்ஃப்யூம் தேடுகிறேன். நிறையச் செலவு செய்ய முடியாது. வெயில் காலத்தில் போட்ட எலுமிச்சை வாசனை சென்ட் இப்போது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: சென்ட்டில் உள்ள திரவம் ஆவியானால்தான் மணம் மூக்குக்கு வரும். தோல் சில்லிட்டிருந்தால் அது மெதுவாக நடக்கும். உங்களைச் சுற்றி எழும்பும் மணம் மெலிந்துபோகும். வறண்ட குளிர்காற்றில் மூக்கும் மந்தமாகிவிடும். எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) எல்லாம் மேல்வாசனைகள். தெளித்த முதல் கால்மணி, அரைமணி நேரம்தான் அவற்றின் ஆட்டம். அவை அடங்கியபின் அடியில் ஒன்றும் இல்லையென்றால் சென்ட் அத்தோடு முடிந்தது.

அதனால் குளிருக்கு வாங்கும்போது அடிவாசனையை, அதாவது பேஸ் நோட்டைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் வெனிலா, டோங்கா (வெனிலா போல மணக்கும் ஒரு விதை), அம்பர், சாம்பிராணி, சந்தனம், பச்சோலி (மண்வாசனை தரும் ஓர் இலை), மஸ்க் (கஸ்தூரி மணம்) ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருக்கட்டும். அம்பர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் லாப்டனம் பிசின், சாம்பிராணி, வெனிலா மூன்றும் சேர்ந்த கலவை. இவற்றின் மேல் மல்லிகை, நிலசம்பங்கி, இலாங்-இலாங் என்று கனமான பூ ஒன்று போதும். ஏலக்காய் மாதிரி மசாலா வாசனை ஒரு சிட்டிகை இருந்தால் நல்லது.

முழுக்க இனிப்பாக இருப்பதை வாங்காதீர்கள். அது பலகார வாசனையாகிவிடும்; கிறக்கம் வராது. இனிப்புக்கு எதிரே கசப்போ, மண்வாசனையோ, புகைவாசனையோ நின்றால்தான் மணத்துக்கு ஆழம் வரும். 1992இல் வந்த ஏஞ்சல் என்ற சென்ட், மிட்டாய் வாசனையை ஏராளமான பச்சோலியோடு மோதவிட்டுத்தான் பேர் வாங்கியது.

செலவு விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. குறைந்த விலையில் தரமாகக் கிடைப்பது இந்த வகைதான். டோங்கா மணத்தைத் தரும் கூமரினை 1868இலேயே செயற்கையாகச் செய்துவிட்டார்கள், வெனிலினை 1874இல். இன்றைய மஸ்க்கும் ஆய்வகத்துச் சரக்குதான். பெரிய நிறுவனமும் சிறிய நிறுவனமும் வாங்குவது ஏறக்குறைய ஒரே மூலப்பொருள். மலிவு சென்ட் சறுக்குவது அசல் ரோஜா, மல்லிகைச் சாறு, ஐரிஸ் வேர் போன்ற விலை உயர்ந்த பொருள்களைப் போலச் செய்யப் போகும்போது. மலிவான எலுமிச்சை சென்ட் தரை துடைக்கும் திரவத்தை நினைவூட்டும். மலிவான வெனிலா-அம்பர் அப்படிக் கைவிடுவதில்லை.

பெயர் சொல்லிக் கேட்டால், 1932இன் டாபு (பச்சோலியும் மசாலாவும், கொஞ்சம் முரட்டு மணம், எல்லோருக்கும் பிடிக்காது), 1972இன் ஜோவான் மஸ்க் (மெல்லியது, தோலோடு ஒட்டி நிற்பது), 1985இன் அப்செஷன் (மசாலா கலந்த அம்பர்) ஆகியவற்றை முகர்ந்து பாருங்கள். எங்கள் தேர்வு மூன்றாவது. 1925இன் ஷாலிமார் இவற்றைவிட விலை கூடியதுதான். ஆனாலும் கடையில் அதை ஒருமுறை காகித அட்டையில் தெளித்து மணந்துவிட்டு வாருங்கள். வெனிலா-அம்பர் எப்படி இருக்க வேண்டும் என்று மூக்குக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

கேள்வி: ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் இரண்டில் எது? பெரிய பாட்டில்தான் லாபம் என்கிறார்களே?

பதில்: வாசனைச் சாரம் தோராயமாக ஓ டி கொலோனில் 2–4%, ஓ டி டாய்லெட்டில் 5–15%, ஓ டி பர்ஃபமில் 15–20%, எல்லாவற்றிலும் அடர்த்தியான எக்ஸ்ட்ரேயில் 20–30%. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். ஒரே பெயரில் இரண்டும் வரும்போது சாரத்தின் அளவு மட்டும் கூடுவதில்லை. பர்ஃபமில் பெரும்பாலும் அடிவாசனையையும் கூட்டியிருப்பார்கள். குளிருக்கு அதையே எடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை 30 மி.லி. போதும். ஓர் அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. வெளியேறுகிறது என்றால் 30 மி.லி.யில் 300 அழுத்தல். மாலைக்கு நான்கு என்றால் 75 மாலை. குளிருக்கு மட்டும் போடும் சென்ட்டுக்கு 100 மி.லி. லாபமில்லை, பாதி தீர்வதற்குள் உள்ளே புகுந்த காற்று மேல்வாசனையைக் கெடுத்துவிடும்.

கேள்வி: கடையில் மூன்றாவது சென்ட்டுக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. காபிக்கொட்டையை முகரச் சொல்கிறார்கள்.

பதில்: காபிக்கொட்டையும் இன்னொரு வாசனைதான். சென்ட் படாத உங்கள் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும், அல்லது ஐந்து நிமிடம் வெளியே நின்று வாருங்கள்.

முதலில் காகித அட்டையில் நான்கைந்தை முகர்ந்து இரண்டாகக் குறையுங்கள். அந்த இரண்டையும் கைக்கு ஒன்றாக, முழங்கையின் உட்புறம் ஒரே ஓர் அழுத்தல் தெளித்துக்கொண்டு, வாங்காமல் வீட்டுக்குப் போங்கள். நீங்கள் காசு கொடுப்பது நான்கு மணி நேரம் கழித்து மிச்சமிருக்கும் மணத்துக்கு. அதைக் கடையில் நின்றபடி யாராலும் சொல்ல முடியாது. கடைக்குள் கதகதப்பாக இருக்கும் என்பதால், வழியில் குளிரிலும் ஒருமுறை முகருங்கள். ஒன்று அடங்கிப்போகும், மற்றது நிற்கும்.

கேள்வி: எனக்கு என் சென்ட் வாசனையே தெரிவதில்லை. ஆனால் கணவர் “தலை வலிக்கிறது, எவ்வளவு போட்டாய்?” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். அதோடு, மஸ்க் மூலக்கூறுகள் பெரியவை. சிலருக்குச் சில வகை மஸ்க் பிறவியிலேயே தெரியாது. உங்கள் சென்ட் மஸ்க் வகையென்றால் இதுதான் காரணமாக இருக்கலாம். எதுவானாலும் தெரியவில்லையே என்று கூடுதலாகத் தெளிக்காதீர்கள்.

மணிக்கட்டைவிட, துணி மூடும் இடங்களே குளிரில் வேலை செய்யும். குளித்துத் துடைத்ததும் வாசனையில்லாத லோஷனோ சிறிது வாசலினோ தடவுங்கள். வறண்ட தோலில் சென்ட் சீக்கிரம் போய்விடும். பிறகு ஒரு சாண் தூரத்திலிருந்து மார்பில் ஒன்று, பிடரியில் ஒன்று, முழங்கை உட்புறம் ஒவ்வொன்று. ஈரம் காய்ந்ததும் ஸ்வெட்டர் போடுங்கள். உடல் சூட்டில் மணம் கழுத்து வழியே மெல்ல எழும்பும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே முடித்துவிட்டால், போய்ச் சேரும்போது சாராய நெடி போய் நடுவாசனை வந்திருக்கும். கிறக்கம் என்பது பக்கத்தில் வருபவருக்கு மட்டும் தெரிய வேண்டியது. கூடத்துக்கே தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

கேள்வி: மணிக்கட்டுகளைத் தேய்த்தால் வாசனை உடைந்துவிடுமா?

பதில்: எதுவும் உடையாது. தேய்க்கிற சூட்டில் மேல்வாசனை சற்று வேகமாகப் பறக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டிலேயே கலக்க முடியுமா? தேங்காய் எண்ணெயில் கலந்தேன்; அடியில் பிசுக்காகத் தங்கிவிட்டது.

பதில்: தங்கியது சாம்பிராணியாகவோ வெனிலாவாகவோ இருக்கும். இரண்டும் தேங்காய், ஜொஜோபா எண்ணெய்களில் சரியாகக் கரையாது. 95% எத்தனால் வேண்டும். 40% வோட்காவில் தண்ணீர் அதிகம் என்பதால் கலவை பால்போலக் கலங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் நெடி மணத்தைக் கெடுக்கும்.

10 மி.லி. கண்ணாடிக் குப்பியில் சந்தன எண்ணெய் 15 துளி, எத்தனாலில் பாதிக்குப் பாதி கரைத்த சாம்பிராணி ரெசினாய்டு (பிசின் சாறு) 10, பச்சோலி எண்ணெய் 5, ஏலக்காய் எண்ணெய் 2, மல்லிகை அப்சொல்யூட் (பூவின் அடர்சாறு) 1 விடுங்கள். மல்லிகையை இரண்டாக்கத் தோன்றும், வேண்டாம். பிறகு எத்தனால் 8.5 மி.லி. ஊற்றிக் குலுக்குங்கள். சாம்பிராணி இறுகியிருந்தால் அதன் குப்பியை வெந்நீரில் வைத்து இளக்குங்கள். அடுப்பருகே எத்தனால் வரக்கூடாது. இருட்டில் இரண்டு முதல் நான்கு வாரம் ஊறட்டும். முதல் நாள் பச்சோலி முந்தி நிற்கும், பயப்படாதீர்கள். கடைசியில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, காபி வடிகட்டும் தாளில் வடித்தால் கசடு நீங்கும். இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்களைச் சேர்க்காதீர்கள், தோல் எரியும். போடுவதற்கு முன் முழங்கை உட்புறம் ஒரு துளி வைத்து 48 மணி நேரம் பாருங்கள்.

கேள்வி: என் வெனிலா சென்ட் பழுப்பாகிவிட்டது. வெள்ளை ஸ்வெட்டரிலும் கறை. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும். மணம் புளிக்காமல் இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் வெளிர்நிறத் துணியிலும் பட்டிலும் வேண்டாம். கம்பளி நாள்கணக்கில் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், தெளித்தே ஆக வேண்டுமென்றால் அடர்நிறக் கம்பளிச் சால்வையின் உட்பக்கம் தெளியுங்கள். முத்துமாலையைச் சென்ட் காய்ந்த பிறகே போடுங்கள். ஆல்கஹால் பட்டால் முத்தின் பளபளப்பு மங்கும்.