வயலை விற்கும் முன் அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதி முடித்துவிட்டாள். பாடங்கள் அளவையியல், புவியியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், அளவையியலில் ஏ. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் கனடாவிலுள்ள தாய்மாமன், "கலைப்பட்டம் எடுத்துப்போட்டு நியமனத்துக்குக் காத்துக்கிடக்கவா?" என்று கேட்டு, கொழும்பில் ஒரு தனியார் கம்பஸில் சொஃப்ட்வெயார் எஞ்சினியரிங் படிக்கவிடச் சொல்கிறார். அதற்கு வெல்லாவெளிப் பக்கத்து இரண்டு ஏக்கர் வயலை விற்கப் பேச்சு நடக்கிறது. மகளோ கணினிக்குள் இருக்கும் உலகங்களைப் பற்றி ஒரு சி.ஆர். கொப்பியில் பெட்டி பெட்டியாகக் கீறிக்கொண்டிருக்கிறாள். "இது என்ன பழக்கம் என்றே விளங்கவில்லை" என்று, நாலு பக்கங்களைப் படம் பிடித்தும் அனுப்பியிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் வயலை விற்காதீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. பெரும்போகத்துக்குப் பெரும்போகம் நெல் தரும் காணியோ போனால் திரும்பாது. மருமகள் நிரலெழுத ஆசைப்பட்டாளா என்று மாமன் ஒருதரமாவது கேட்டாரா? நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒரு வரி நிரல்கூட இல்லை. இருப்பது வேறொன்று. மூன்றாம் பக்கத்தில் 'ரோப்லொக்ஸ்' என்ற பெட்டியிலிருந்து 'கேம்' என்ற பெட்டிக்கு ஒரு கோடு இழுத்து, அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: "கேம் இல்லை. கேம்கள் இருக்கிற இடம்." அந்த வெட்டைப் போடத் தெரிந்தவர்களைத் தேடுகிற ஒரு வேலை இருக்கிறது.

அதன் பெயர் ஒன்டொலொஜி வடிவமைப்பு. அறிவு மாதிரி கட்டுதல் என்றும் சொல்லலாம். ஒரு துறையில் என்னென்ன பொருட்கள் உண்டு, எது எதன் வகை, எது எதன் பகுதி, எது எதோடு சேர்ந்து இயங்கும் என்பதைக் கணினி தானே நியாயித்துப் பார்க்கும்படி எழுதிவைப்பது. உயிரியலாளர்கள் மரபணுக்களுக்கு 1998 முதல் இப்படி ஒன்றைக் கட்டிவருகிறார்கள். இணையத்தில் இதை எழுதும் மொழியான ஓ.டபிள்யூ.எல். 2004இல் நியமமானது. அதன் அடித்தளம் அளவையியல்தான். நியாயத்தொடையில் "எல்லா அ-வும் ஆ" என்று உங்கள் மகள் எழுதியதைத்தான் இங்கே கணினிக்கு எழுதுகிறோம். கலைப்பிரிவுப் பிள்ளைக்குக் கணினி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

மகள் பிடித்திருக்கும் விடயமே பயிற்சிக்கு நல்லது: மெய்நிகர் உலகத் தொழினுட்பங்கள். வேண்டியது ஒரு சாதாரண லப்டொப், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் புரொட்டெஜே என்ற மென்பொருள், நாளைக்கு இரண்டு மணித்தியாலம், நாலு மாதம்.

முதல் இரண்டு கிழமை மென்பொருளைத் திறக்கவே கூடாது. கொப்பியில் பத்துக் கேள்வி எழுதட்டும். தான் கட்டப்போகும் மாதிரி பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். "ஜி.எல்.டி.எஃப். என்ற கோப்பு வடிவிலுள்ள ஒரு முப்பரிமாண உருவை எந்தெந்த உலகங்களுக்குள் கொண்டுபோகலாம்?" "எந்த உலகத்தைச் சொந்தச் சேவையகத்தில் ஓட்டலாம்?" "ஹெட்செட் (தலையில் மாட்டும் திரை) இல்லாமல் எதற்குள் நுழையலாம்?" இந்தப் பத்துக்கும் தேவைப்படாத எதுவும் மாதிரிக்குள் வரக்கூடாது. இந்த வேலி இல்லாமல் தொடங்குபவர்கள் முந்நூறு வகுப்பு (ஒரே இனப் பொருட்களுக்கான பெட்டி) வரை போட்டுவிட்டு, எதற்குப் போட்டோம் என்று தெரியாமல் கைவிடுவார்கள். முப்பது வகுப்பு, பதினைந்து உறவு (பெட்டிகளை இணைக்கும் கோடு), அறுபது உறுப்பு (பெட்டிக்குள் வரும் தனிப்பொருள்) போதும்.

அடுத்து வகுப்புகள். உலகம், அதை ஓட்டும் மென்பொருள், அணுகும் கருவி, கோப்பு வடிவம், இடைமுகம், பயனர், அவதாரம் (உலகத்துக்குள் பயனர் எடுக்கும் உருவம்), நிலத்துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே வசனத்தில் வரைவிலக்கணம்: எந்த இனம், அந்த இனத்துக்குள் மற்றவற்றிலிருந்து எது பிரிக்கிறது. வசனம் வராவிட்டால் அந்த வகுப்பு இன்னும் தெளியவில்லை.

சறுக்குவது இங்கேதான். செக்கன்ட் லைஃப் 2003இல் லிண்டன் லாப் என்ற கம்பனி தொடங்கிய மெய்நிகர் உலகம். ஓப்பன்சிமுலேற்றர் 2007இல் தொடங்கிய திறந்த மூலச் சேவையக மென்பொருள். அதன்மேல் பலர் தங்கள் தங்கள் உலகங்களை ஓட்டுகிறார்கள். புதியவர்கள் இரண்டையும் 'மெய்நிகர் உலகம்' என்ற ஒரே பெட்டிக்குள் அருகருகே வைப்பார்கள். வைத்த உடனேயே "சொந்தச் சேவையகத்தில் ஓட்டலாமா?" என்ற கேள்விக்குப் பதில் குழம்பும். ஒன்று உலகம், மற்றது உலகத்தை ஓட்டுவது. ரோப்லொக்ஸில் மகள் வெட்டிய கோட்டின் தம்பிதான் இது.

இன்னொரு சறுக்கல், 'வகை'யையும் 'பகுதி'யையும் கலப்பது. செக்கன்ட் லைஃப்பின் நிலம் 256 மீற்றருக்கு 256 மீற்றர் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. துண்டு உலகத்தின் பகுதி. உலகத்தின் ஒரு வகையல்ல. அவதாரமும் பயனரும் அப்படியே: ஓர் ஆளுக்கு மூன்று அவதாரம் இருக்கலாம். நியமம் என்ற சொல்லும் ஏமாற்றும். ஜி.எல்.டி.எஃப். 2.0 (2017) கோப்பு வடிவம், ஓப்பன் எக்ஸ்.ஆர். 1.0 (2019) கருவிகளோடு மென்பொருள் பேசும் இடைமுகம். இரண்டையும் வெளியிட்டது குரோனோஸ் என்ற ஒரே அமைப்பு என்பதற்காக ஒரே பெட்டிக்குள் தள்ளக்கூடாது.

எல்லாவற்றிலும் கள்ளத்தனமான பிழை ஒன்று உண்டு. 'ஏற்கும்' என்று ஓர் உறவு போட்டு, அதன் இடப்பக்கம் வருவது மெய்நிகர் உலகம் என்று அறிவித்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் "பிளெண்டர் ஜி.எல்.டி.எஃப். ஏற்கும்" என்று எழுதுகிறோம். பிளெண்டர் முப்பரிமாண உரு செய்யும் மென்பொருள், செய்தியும் உண்மை. ஆனால் நியாயம் பார்க்கும் கருவி, அதாவது ரீசனர், பிழை என்று கத்தாது. பிளெண்டரும் ஒரு மெய்நிகர் உலகம் என்று சத்தமில்லாமல் முடிவெடுத்துவிடும். பிளெண்டரை மென்பொருள் என்று பதிந்து, உலகமும் மென்பொருளும் ஒன்றையொன்று விலக்கும் வகுப்புகள் என்றும் சொல்லியிருந்தால்தான் முரண் வெளியே வரும். புரொட்டெஜேயுடன் வரும் ஹெர்மிட் என்ற ரீசனரை ஒவ்வொரு ஐந்து வகுப்புக்கும் ஒருதரம் ஓட்டச் சொல்லுங்கள். கடைசியில் ஓட்டினால் எங்கே பிசகியது என்று தேடியே ஒரு கிழமை போகும்.

எழுதாமல் விட்டதை 'இல்லை' என்றும் ரீசனர் எடுக்காது. செக்கன்ட் லைஃப்புக்கு ஹெட்செட் தேவையில்லை என்று எழுதாவிட்டால், அதன் கணக்கில் 'தெரியாது'. மார்க் புத்தகத்தில் வெறுமையாக விட்ட கட்டம் சைபர் இல்லை என்பது மாதிரி.

நாலாம் மாதம், அறுபது உறுப்புகளையும் ஏற்றி, அந்தப் பத்துக் கேள்விகளை ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் எழுதி ஓட்டட்டும். ஏழுக்குச் சரியான பதில் வந்தாலே கையில் காட்டக்கூடிய வேலை இருக்கிறது. வகுப்புப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிக்குறியோடு இட்டால் இன்னும் நல்லது. கூடவே, யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தொகுப்பான விக்கிதரவில் ஒரு கணக்கு. அங்கே செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அவள் கணக்கில் எல்லாரும் பார்க்கும்படி பதிவாகும்.

இனிக் கசப்பானது. மட்டக்களப்பில் 'ஒன்டொலொஜி வடிவமைப்பாளர் தேவை' என்று யாரும் விளம்பரம் போடப்போவதில்லை. இந்தத் திறன் வேறு பெயர்களில்தான் விலைபோகும்: தரவு மாதிரியாளர், மெட்டாடேட்டா அலுவலர், நொலெட்ஜ் கிராஃப் எஞ்சினியர். எண்ணிம நூலகங்கள், மருத்துவச் சொற்தொகுதிகள், பெரிய கடைகளின் பொருட்பட்டியல்கள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. நிரல்மொழியான பைதனும் தரவுத்தள வினவல் மொழியான எஸ்.கியூ.எல்.லும் ஓரளவு தெரியாமல் எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுத வரவேண்டும், இதில் சலுகையே இல்லை. வந்தாறுமூலையில் படிக்கும் காலம் இவற்றுக்குத் தாராளம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மாதத்தில் வரைவிலக்கணம் எழுதுவது அவளுக்கு அலுத்துப்போனால், இதையும் அவள்மேல் திணிக்காதீர்கள். மாமனுடைய பிடிவாதத்தின் இடத்தில் என்னுடையதை வைக்க நான் இதை எழுதவில்லை. 'மெட்டாவேர்ஸ் டிப்ளோமா' என்று சுவரொட்டி கண்டால் மட்டும் சல்லி கட்டாதீர்கள். மெட்டாவேர்ஸ் என்பது மெய்நிகர் உலகங்களுக்குச் சொல்லும் இன்னொரு பெயர். பேஸ்புக் 2021இல் கம்பனிப் பெயரை மெட்டா என்று மாற்றியபின் அந்தச் சொல் சுவரெல்லாம் ஏறிவிட்டது. அதற்குள் என்ன பாடம் இருக்கிறது என்று கேட்டால் பாதிப்பேருக்குப் பதில் வராது.

நாலாம் பக்கத்தில் 'உலகம்' என்ற பெட்டிக்குக் கீழே, அதன் ஒரு வகையாக, 'ஹெட்செட்' என்று போட்டிருக்கிறாள். நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம். புரொட்டெஜேயில் ஏற்றி, ஹெர்மிட்டை ஓட்டிப் பார்க்கட்டும். கருவியும் உலகமும் வேறு வேறு என்று அறிவிக்க மறந்திருந்தால், அது ஒன்றும் சொல்லாது; ஏன் சொல்லவில்லை என்று அவளே வந்து கேட்பாள்.