ஜோகன்னஸ்பர்க்கில் தண்ணீர், கரண்ட் எல்லாம் எப்படி இருக்கிறது? குடும்பத்தோடு போகலாமா?

வேலை உறுதியாகிவிட்டது, வீடு தேடுகிறீர்கள், யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தனியாக வருகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். வீட்டில் கேட்கச் சொல்லியிருப்பார்கள்.

கரண்ட் பற்றி நீங்கள் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் பழையவை. 2023இல் நிலைமை மோசம்தான். வருடத்தில் 300 நாட்களுக்கு மேல் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு அது பெருமளவு நின்றது. 2025 தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் எட்டிப் பார்த்தது. இப்போதைய தொல்லை வேறு: செம்புக்காகக் கேபிளை வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள், உங்கள் தெரு மட்டும் இருட்டாகிவிடும். ஒரு இன்வர்ட்டர் வாங்கிவிடுங்கள், போதும்.

தண்ணீர்தான் விஷயம். 1886இல் தங்கம் கிடைத்ததால் உருவான ஊர் இது. ஆற்றங்கரையில் பிறந்த ஊர் இல்லை, மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். தெற்கே வால் (Vaal) ஆற்றில் இருக்கும் அணையிலிருந்து ராண்ட் வாட்டர் என்ற அரசு நிறுவனம் பம்ப் வைத்து ஏற்றுகிறது, அந்த அணைக்குப் பக்கத்து நாடான லெசோத்தோவின் மலைகளிலிருந்தும் குகைக் கால்வாய் வழியே தண்ணீர் வருகிறது. ஏற்றிய தண்ணீரை மாநகராட்சியின் ஜோகன்னஸ்பர்க் வாட்டர் வாங்கி, மேட்டுத் தொட்டிகளில் நிரப்பி வீடுகளுக்கு விடுகிறது. இதில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் குழாய்க் கசிவிலும், கணக்கில் வராமலும் போய்விடுகிறது. அணை நிரம்பி வழியும்போதும் குழாயில் காற்று வருவதற்கு இதுதான் காரணம்.

எங்கள் வீட்டு ஏஜெண்ட் பால்கனியைக் காட்டி, "ஊரே தெரிகிறது பாருங்கள்" என்றார். தெரிந்தது. ஊரே தெரியும் வீட்டுக்குத் தண்ணீர் கடைசியில்தான் ஏறும் என்பதைச் சொல்லவில்லை, மனிதர். தொட்டி வற்றி மறுபடி நிரம்பும்போது பள்ளத்தில் இருப்பவர்கள் முதலில் பிடித்துவிடுவார்கள். கீழ்த்தெருவில் கார் கழுவிக்கொண்டிருப்பார்கள், எங்கள் குழாய் இருமிக்கொண்டிருக்கும். அப்புறம் பழுப்பாகக் கொஞ்சம் துப்பும். சரி, வந்துவிட்டது என்று அரிசியைக் களைய எடுத்தால் நின்றுவிடும்.

மூலையில் டேங்கர் லாரி வந்து நின்றால் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். 25 லிட்டர் கேனை முழுக்க நிரப்பினால் மேட்டில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, பாதிதான் நிரப்ப வேண்டும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி டர்பன் நகரத்துப் பக்கத்துக்காரர். தமிழ் தெரியாது, ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். "கழுவின தண்ணியைக் கொட்டாதே கண்ணு, டாய்லெட்டுக்கு வை" என்பதை அவர் ஆங்கிலத்தில் சொன்னாலும் என் அத்தை சொல்வது போலவே இருக்கும். அவர் வீட்டில் பச்சை நிற ஜோஜோ டேங்க் இருக்கிறது, நம் ஊர் சின்டெக்ஸ் மாதிரி பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. எங்களுக்கு ஒன்று வைத்துத் தரச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் நச்சரித்து, வாடகையில் பாதிச் செலவைக் கழித்துக்கொள்வது என்று முடிவானது. இப்போது நிம்மதி.

"வசதியான பகுதியில் உட்கார்ந்துகொண்டு டேங்க் கதை சொல்கிறாயே, ஏழைகள் நெருக்கியடித்து வாழும் அலெக்ஸாண்ட்ராவில் ஒரு தெருக்குழாய்க்கு எத்தனை பேர் தெரியுமா" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். தெரியும். பணக்காரப் பகுதியான சாண்டனின் கோபுரங்களிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் அலெக்ஸாண்ட்ரா இருக்கிறது. சிறுபான்மை வெள்ளையருக்கென்று போட்ட குழாய்களை மொத்த ஊருக்கும் நீட்டித்தார்கள். நீட்டித்த அளவுக்குப் பராமரிக்கவில்லை. 2016இலிருந்து மேயர் நாற்காலி கைமாறிக்கொண்டே இருக்கிறது. பழைய அநீதி, இப்போதைய நிர்வாகம் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்பவரிடம் எனக்கு வாதாட நேரமில்லை. 2023 ஜூலையில் நகர நடுவில் லிலியன் எங்கோயி தெருவே நிலத்தடி வாயுவால் வெடித்துப் பிளந்தது, ஒருவர் இறந்தார். அதைச் சரிசெய்யச் சொன்ன கெடுக்களெல்லாம் தாண்டிப்போயின. 2025 நவம்பரில் ஜி20 மாநாடு வந்தபோதோ, மாப்பிள்ளை வீட்டார் வருகிற வீடு மாதிரி சில சாலைகள் மட்டும் பளிச்சென்று ஆயின.

குப்பை வாரம் ஒரு முறை எடுக்கிறார்கள், குறையில்லை. அதற்கு முன்பே இழுவண்டிக்காரர்கள் வந்து பாட்டில், அட்டை எல்லாம் பிரித்து எடுத்துப் போய்விடுவார்கள். உங்கள் மறுசுழற்சியை நடத்துவது அவர்கள்தான், திட்டாதீர்கள்.

ப்ரீபெய்ட் மின்சார மீட்டருக்கு 2024 ஜூலையில் மாதம் 200 ராண்ட் தனிக் கட்டணம் போட்டார்கள், வரி வேறு; 2025 ஜூலையில் அதைக் குறைத்தார்கள். வலித்ததுதான். ஆனாலும் போனில் காசு கட்டி, வரும் 20 இலக்க எண்ணை மீட்டரில் தட்டினால் வெளிச்சம். நம் ஊரில் என் கணக்கு இருக்கும் வங்கியோ, முகவரி மாற்ற ஓடிபியைத் தொலைந்துபோன பழைய இந்திய எண்ணுக்குத்தான் அனுப்புவேன் என்கிறது. எண்ணை மாற்ற நேரில் வரவேண்டுமாம். அந்தக் கிளையில் இருப்பவர்தான் என்னிடம், "ஆப்பிரிக்காவில் கரண்ட் எல்லாம் உண்டா மேடம்?" என்று கேட்டார். தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும், பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் உறங்குவதும் இந்த ஊரில்தான் என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் விட்டுவிட்டேன்.

வாருங்கள். வீடு பார்க்கும்போது ஏஜெண்டை விட்டுவிட்டு, வாசலில் நிற்கும் காவலாளியிடம் "போன முறை தண்ணீர் எப்போது நின்றது, எப்போது வந்தது" என்று கேளுங்கள். பகுதியின் பெயரைப் பின்னூட்டத்தில் போட்டால் மேடா பள்ளமா என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.